பிரான்சிலும் கோலமாவு விற்பார்களா?

இரண்டாயிரங்களின் நடுவில், கல்லூரி ஆசிரியர் வேலையிலிருந்து ஓய்வுபெற்று லாஸ்பேட்டையில் இருந்தேன். உழவர்கரையில் இருந்த என் மகளின் மாமனாருக்குக் கணையத்தில் புற்றுநோய் வந்தது. கோரிமேடு ஆஸ்பத்திரியில், "இனி வீட்ல வச்சு நல்லா பாத்துக்குங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

சம்பந்தி பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்கியவர். எங்கள் ஊரில் இவர்களை 'சொல்தா' என்போம். ஏழு வயதுப் பேத்திக்கு அவர் 'சொல்தா தாத்தா'. "கார்தவூ!" என்று அவர் ராணுவக் கட்டளை போட்டால், எச்சில் கையோடு விறைப்பாக நிற்பாள். அப்புறம் இரண்டு பேரும் சிரிப்பார்கள்.

குழந்தை சாவைப் பார்க்கக் கூடாது என்று முடிவு செய்தவன் நான்தான். மகளும் மருமகனும் தயங்கினார்கள். "படிச்சவன் சொல்றேன், கேளுங்க" என்று அவர்கள் வாயை அடைத்தேன். அவர்கள் எல்லாரும் இருந்த உழவர்கரை வீட்டுக்கு வெள்ளையடிக்கிறார்கள் என்று சொல்லி, பேத்தியை என் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். தாத்தா எங்கே என்று கேட்டாள். புதுச்சேரியில் அதற்குப் பொய் தேட வேண்டுமா? தெருவுக்கு ஒருவர் பிரான்சில் இருப்பார்.

"பிரான்சுக்குப் போயிருக்காரும்மா" என்றேன். நம்பினாள்.

சம்பந்திக்கு இது பிடிக்கவில்லை. ஆனாலும் படித்தவன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று ஒத்துக்கொண்டார். படுக்கையிலிருந்தே சாயங்காலங்களில் அவளுக்குப் போன் செய்வார். "பாரீஸ்ல ஒரே பனிடா கண்ணு" என்பார்.

ஒருநாள் மூச்சு வாங்கப் பேசிக்கொண்டிருந்தார். பேத்தி திடீரென்று கேட்டாள்: "சொல்தா தாத்தா, பிரான்சுலயும் கோலமாவு விக்கிறாங்களா?"

அவர் ஜன்னலுக்கு வெளியே கோலமாவுக்காரர் கூவிக்கொண்டு போனது போனில் கேட்டிருக்கிறது.

"விக்கிறாங்கடா. இங்கயும் நம்ம ஊரு ஜனங்கதானே இருக்காங்க" என்று சமாளித்தார். நான் போனை வாங்கிக்கொண்டேன்.

"போதும் சம்பந்தி. பட்டாளத்துலகூட நான் இவ்ளோ பொய் சொன்னதில்ல. பாப்பாவ ஒருவாட்டி கூட்டியாங்க. கண்ணால பாத்துக்கறேன்" என்றார்.

"பரீட்சை நடக்குது. முடியட்டும்" என்றேன்.

இரண்டாம் வகுப்புப் பரீட்சை! அது முடிவதற்குள் அவர் போய்விட்டார்.

காரியமெல்லாம் ஆனபிறகு, "தாத்தா பிரான்சுலயே சாமிகிட்ட போயிட்டாரு" என்று அவளிடம் சொன்னேன். அவள் அழவில்லை. பார்த்தீர்களா, குழந்தை எப்படித் தாங்கிக்கொண்டாள் என்று எல்லாரிடமும் பெருமையடித்தேன்.

சில மாதங்களில் மருமகனுக்குப் பிரான்சில் வேலை கிடைத்தது. வழியனுப்ப நானும் உழவர்கரைக்குப் போயிருந்தேன். பெட்டியைத் தூக்கும் நேரத்தில் பேத்தி அவர் காலைக் கட்டிக்கொண்டு அலறினாள்.

"பிரான்சுக்குப் போவாதப்பா! அங்க போனா செத்துடுவாங்க! தாத்தாதான் சொன்னாரு!"

அவள் விரல் என்னைக் காட்டியது.

அவளைத் தனியாக மாடிக்கு அழைத்துப் போனேன். சொல்தா தாத்தா எங்கேயும் போகவில்லை, இதே வீட்டில் கீழ் அறையில்தான் படுத்திருந்தார், பொய் சொன்னது நான் என்று எல்லாவற்றையும் சொன்னேன். அவள் மாடியிலிருந்து தெருவை எட்டிப் பார்த்தாள்.

"அப்ப அது நம்ம தெரு கோலமாவுக்காரருதானே?"

தலையாட்டினேன்.

"சொல்தா தாத்தா என்னைக் கேட்டாரா?"

இல்லை என்று சொல்லி நான் தப்பித்திருக்கலாம். "கேட்டாரும்மா. நான்தான் கூட்டிக்கிட்டு வரல" என்றேன்.

அப்போதுதான் அழுதாள். என்மேல் சாய்ந்துகொள்ளவில்லை, சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று அழுதாள். பக்கத்தில் போக எனக்குத் தைரியம் வரவில்லை.

இப்போது அவள் வேலைக்குப் போகும் பெண். போன வருஷம் என் இதயத்தில் கோளாறு என்று டாக்டர் சொன்னதும் முதலில் அவளுக்குத்தான் சொன்னேன். ஓடி வந்தவள் ரிப்போர்ட்டை முழுக்கப் படித்தாள்.

"பரவால்ல தாத்தா, பிரான்சுக்குப் போறேன்னு சொல்லாம இருந்தீங்களே" என்றாள். இரண்டு பேரும் சிரித்தோம்.

குழந்தைகளிடம் சொல்லலாமா என்று யாராவது கேட்டால், சொல்லிவிடுங்கள் என்று தயங்காமல் சொல்கிறேன். மரணத்தை மறைப்பதாக நினைத்து நான் பறித்துக்கொண்டது, கடைசியாக ஒருமுறை "கார்தவூ" கேட்டு அந்தக் கட்டிலருகே அவள் விறைப்பாக நின்றிருக்க வேண்டிய ஒரு நிமிடத்தை. அதை அவளுக்குத் திருப்பித் தர எனக்கு வழியே இல்லை.