முதற் பொருளாளரின் கையெழுத்து

எங்கள் பள்ளிக்கூடத்துப் பழைய மாணவர் சங்கத்தின் லண்டன் கிளையில் பொருளாளர் பதவிக்கு யாரும் போட்டியிட்டதில்லை. கூட்டத்தின் நடுவில் தேநீர் எடுக்க எழும்புகிறவரைப் பொருளாளர் ஆக்கிவிடுவார்கள். இது தெரிந்து நான் கதிரையோடு ஒட்டிக்கொண்டிருந்தேன். அன்றைக்கென்று வேறு யாருக்கும் தேநீர் விடாய்க்கவில்லை. கடைசியில் நானே எழும்பி அகப்பட்டேன்.

எனக்கு முன் மூன்று பேர். சங்கத்தைத் தொடங்கியபோது பொருளாளராக இருந்தவர் வெஸ்ட் ஈலிங்கில் வாழ்ந்த கணக்காளர், எங்களுக்குப் பெரியண்ணை. வங்கிக் கணக்கைத் திறந்தவர் அவர்தான். அடுத்தவர் ஜெர்மனியிலிருந்து வந்து பலசரக்குக் கடை போட்டவர். கணக்கறிக்கையை ஐயர் மந்திரம் சொல்லும் வேகத்தில் வாசித்து முடிப்பார். மூன்றாமவர் பல் வைத்தியர். செலவுக்குக் காசு கேட்டால், பல்லைப் பிடுங்கச் சொன்னதுபோல் யோசிப்பார்.

ஆட்கள் மாறினார்கள். வங்கியில் கையெழுத்து மாறவில்லை.

"பெரியண்ணை இருக்கேக்க அவரின்ரை பேரை எடுக்கிறதோ? மனுசன் என்ன நினைப்பார்?"

ஒவ்வொரு கூட்டத்திலும் யாராவது இதைச் சொல்வார்கள். எல்லாரும் தலையாட்டுவோம். புதிதாய் வருகிற பொருளாளர் ஒரு பை பழத்தோடு பெரியண்ணை வீட்டுக்குப் போவார். அவர் காசோலைப் புத்தகம் முழுவதிலும் முன்கூட்டியே கையெழுத்து வைத்துக் கொடுப்பார். வங்கிக்குத் தெரிந்தவரை எங்களுக்கு ஒரேயொரு பொருளாளர்தான். மற்ற நாங்கள் பழம் காவிக்கொண்டு போனவர்கள்.

போன மாரியில் வங்கி கணக்கை நிறுத்தி வைத்தது. கணக்குக்குரியவர் நேரில் வந்து தன்னை உறுதிப்படுத்த வேண்டுமாம். அந்தக் கணக்கிலிருந்துதான் ஊரில் எங்கள் பள்ளிக்கூடத்துச் சின்னப் பிள்ளைகளின் காலைச் சாப்பாட்டுக்குக் காசு போகும். நான் வங்கிக்கு ஓடினேன். நான்தான் பொருளாளர் என்று அங்கிருந்த பெண்ணிடம் நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். கணினியைப் பார்த்துவிட்டு, அப்படி யாரும் இல்லை என்றாள். குளிர்காலத்தில் எனக்கு மட்டும் சித்திரை வெயில் அடித்தது. நானே இல்லையாம், இந்த வியர்வை மட்டும் யாருடையது என்று பகிடி விட்டேன். அவள் காவலாளியைப் பார்த்தாள்.

பெரியண்ணை இப்போது வெம்பிளியில் முதியோர் பராமரிப்பு இல்லமொன்றில் இருக்கிறார். பழத்தோடு போனேன்.

"தம்பி, நீர் ஆரின்ரை மகன்?"

"அண்ணை, நான் சங்கத்துப் பொருளாளர். ஒருக்கா வங்கிக்கு வரவேணும். முதல் இதிலை ஒரு கையெழுத்து."

பேனையை வாங்கி, பழைய கணக்காளரின் பிடியில் அழகாகப் பிடித்தார். என் உயிர் பாதி திரும்பி வந்தது. பிறகு அதை என் சட்டைப் பையில் செருகிவிட்டார்.

"பொருளாளரைக் கேக்காமல் ஒண்டிலையும் கையெழுத்து வைக்கக் கூடாது. அவர் வரட்டும், இரும்."

இருந்தேன். பொருளாளர் வரவில்லை.

சட்டத்தரணி, வைத்தியர் கடிதம் என்று இழுபடும், எப்போது முடியுமென்று சொல்ல ஏலாது என்றார்கள் வங்கியில். அதுவரைக்கும் உறுப்பினர்களிடம் காசு சேர்ப்போம் என்று தொலைபேசி எடுத்தேன். "இந்த வருசக் காசு கட்டியாச்சே. அது எங்கை?" என்று கேட்டார்கள். வங்கியில் இருக்கிறது, எடுக்க ஏலாது என்றேன். ஒருவர், "நீர் புதுக் கார் வாங்கினீரோ?" என்றார். என்னுடைய காரின் கதவு உள்ளிருந்து மட்டும்தான் திறக்கும் என்பதை அவருக்கு எப்படி விளக்குவது! என் கைக்காசு இரண்டு மாதத்துக்குத்தான் தாக்குப்பிடித்தது.

குட்மேய்ஸில் என் வீட்டுச் சமையலறையில் நின்றபடி ஊருக்குத் தொலைபேசி எடுத்தேன். பள்ளிக்கூடத்து அதிபர் அம்மா நான் சொன்னதை எல்லாம் குறுக்கிடாமல் கேட்டார். வங்கியையும் என் வியர்வையையும் சிரிப்பாகச் சொல்லிப் பார்த்தேன். சிரிக்கவில்லை, கோபிக்கவுமில்லை.

"அப்ப தம்பி, காலைச் சாப்பாடு சமைக்கிற பிள்ளையைத் திங்கக்கிழமை வரவேண்டாம் எண்டு சொல்லட்டோ?"



"ஓம், மிஸ்" என்றேன்.