வாயை மூடினால் கையும் நின்றுவிடும்

என் நாத்தனாருக்கு வீட்டில் ரேடியோ என்று பெயர். வைத்தவள் நான்தான். பல் தேய்க்கும்போதே ஆரம்பித்துவிடுவாள். பேச்சும் நுரையும் சேர்ந்து வெளியே வரும். அவள் அண்ணன், அதாவது என் வீட்டுக்காரர், பேப்பரை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொள்வார். பேப்பரைப் பார்த்தே பேசிவிட்டுப் போவாள்.

அப்போது அவள் ஒரு வணிக வளாகத்தின் மாடியில் பாத்திரக் கடையில் வேலை பார்த்தாள். எவர்சில்வர் டப்பா வாங்க வந்தவர்கள் குக்கரும் வாணலியும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு போவார்கள். அப்படி ஒரு வாய்.

கடைக்கு எதிரே ஒரு ஸ்பா இருந்தது. மங்கலான கண்ணாடிக் கதவு. அது திறக்கும்போதெல்லாம் ஈரத் துண்டும் எண்ணெயும் கலந்த ஒரு வாசனை மெதுவாக மிதந்து வந்து, அடுக்கி வைத்த குக்கர்களின் மேல் படியுமாம். உள்ளே போகிறவர்கள் கைப்பையை இடுக்கிக்கொண்டு, ஃபோனில் யாரையோ காய்ச்சி எடுத்துக்கொண்டே போவார்கள். வெளியே வரும்போது முடி கலைந்து, கன்னத்தில் துணி மடிப்பு பதிந்து, லிஃப்ட் எந்தப் பக்கம் என்பதே மறந்து நிற்பார்கள்.

"அண்ணி, மத்தியானம் தூங்கி எழுந்த குழந்தை மூஞ்சி இருக்குல்ல? அந்த மூஞ்சி. அம்பது வயசுப் பொம்பளைக்கு! எத்தனை வாணலி வித்திருக்கேன், ஒருத்தர் மூஞ்சியாவது அப்படி ஆயிருக்கா? எனக்கு அந்த மூஞ்சிய வரவழைக்கணும்."

"உன் பேச்சைக் கேட்டா தூங்கற குழந்தையும் எழுந்து அழும்," என்றேன்.

அவள் கேட்கவில்லை. ஸ்பா வேலைக்குப் பயிற்சி கொடுக்கும் இடத்தில் போய்ச் சேர்ந்துவிட்டாள். அண்ணன்காரருக்குக் கோபம்.

"கண்டவங்க காலைப் பிடிக்கிற வேலைக்கா போகப் போற?"

"வாணலி வாங்குங்க, வாணலி வாங்குங்கன்னு இத்தனை நாளும் அதைத்தானே பண்ணேன்!"

அவர் மறுபடியும் பேப்பருக்குள் போய்விட்டார்.

பயிற்சி நடந்த நாட்களில் எங்கள் வீட்டில் யாரும் நிம்மதியாக ஒரு இடத்தில் நிற்க முடியவில்லை. நான் வெங்காயம் நறுக்கினால் பின்னால் வந்து தோளை அமுக்குவாள். "அண்ணி, இங்க ஒரு முடிச்சு இருக்கு. கல்லு மாதிரி." கட்டை விரலால் அழுத்தக் கூடாது, உடம்பின் எடையைச் சாய்த்துத்தான் அழுத்த வேண்டும், முதுகெலும்பின் மேல் முழங்கை படக் கூடாது, எண்ணெயை முதலில் தன் உள்ளங்கையில் ஊற்றிச் சூடாக்க வேண்டும், ஒரு கையை எடுத்தால் இன்னொரு கை உடம்பில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் படுத்திருப்பவருக்குத் தனியாக விட்டுவிட்டுப் போனது போல இருக்கும். எல்லாம் படித்தாள், எல்லாம் கைக்கு வந்தது. ஒன்றே ஒன்றுதான் வரவில்லை. அந்த அறைக்குள் "அழுத்தம் போதுமா?" என்பதைத் தவிர வேறு எதுவும் பேசக் கூடாது.

எதிர்க்கடை ஸ்பாவே அவளை ஒரு மாதம் பார்க்கலாம் என்று எடுத்துக்கொண்டது. முதலில் வந்தவர் வங்கியில் வேலை பார்க்கும் ஒரு பெண்மணி. அறையில் விளக்கு மினுக்கென்று எரிகிறது. எங்கோ தண்ணீர் சொட்டுவது போலப் பாட்டு. அந்த அம்மாள் துண்டுக்கு அடியில் மெல்ல மெல்லக் கரைந்துகொண்டிருக்கிறார். மூச்சு நீண்டுவிட்டது. இன்னும் கொஞ்சம் விட்டால் தூங்கிவிடுவார். அந்த நேரம் பார்த்து இவள் கண்ணில் ஒரு மச்சம் பட்டது.

"அக்கா, உங்க முதுகுல இவ்ளோ பெரிய மச்சம் இருக்கே, தெரியுமா? எங்க பெரியம்மாவுக்கும் இதே இடத்துலதான். அவங்களுக்குப் பித்தப்பையில கல்லு வந்து..."

பெரியம்மா ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் அந்த அம்மாள் எழுந்து உட்கார்ந்துவிட்டார். வெளியே வந்து, "நான் தூங்கறதுக்கு வந்தேன். இவங்க பெரியம்மா பித்தப்பையைப் பத்திக் கேக்கறதுக்கு வரல" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அங்கே மேனேஜர் ஒரு ஒல்லியான பெண். திட்டுவதைக்கூடக் காதைக் கொண்டுபோய்த்தான் கேட்க வேண்டும், அவ்வளவு மெதுவாகப் பேசுவார். "உனக்கு நல்ல கைம்மா. வாய்தான் தாங்கல. மாசக் கடைசியில நானே வந்து படுக்கறேன். ஒரு வார்த்தை வந்தாலும் எதிர்க்கடைக்கே போயிடு."

வீட்டுக்கு வந்து, "அந்த வாணலி எல்லாம் என்னையே பாக்குது அண்ணி" என்றாள். அன்றைக்கு அதற்கு மேல் அவள் ஒன்றும் பேசவில்லை. ரேடியோ நின்றுபோனால் வீடு எப்படி இருக்கும் என்று அன்றுதான் தெரிந்தது. அவள் அண்ணன் பேப்பரைக் கீழே இறக்கி, "உடம்பு சரியில்லையா இவளுக்கு?" என்று என்னைக் கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் திரையை இழுத்துவிட்டு என்னைக் குப்புறப் படுக்க வைத்தாள். பேசாமல் செய்து பழக வேண்டுமாம். நன்றாகத்தான் ஆரம்பித்தாள். பாதித் தோளுக்கு வந்ததும் கை நின்றுவிட்டது.

"என்னடி?"

"எது வரைக்கும் வந்தேன்னு மறந்துட்டேன் அண்ணி."

மறுபடி ஆரம்பித்தாள், மறுபடி நின்றாள். வலது தோளைப் பிசைந்தெடுத்தாள்; இடது தோளை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அவளுக்கு வாய் ஓடினால்தான் கை ஓடும். எனக்கு ஒரு பக்கம் லேசாகவும் ஒரு பக்கம் பாரமாகவும், கோணலாக ஏற்றிய வண்டி மாதிரி இருந்தது. எரிச்சலில் கத்தினேன்.

"பேசாம இருக்க முடியலன்னா உள்ளுக்குள்ள பேசித் தொலை! வாயைத்தானே மூடச் சொன்னாங்க?"

உள்ளங்கையில் எண்ணெய் தேய்க்கும் சத்தம் கேட்டது. பிறகு கைகள் வந்தன.

அவை ஏதோ சேதி கொண்டு வந்தவள் வாசலில் நின்று ஆரம்பிப்பது போல மெதுவாக ஆரம்பித்தன. கழுத்தடியில் தயங்கின. 'அப்புறம் என்னாச்சு தெரியுமா?' என்று அவள் கேட்கும் இடம் அதுதான் என்று எனக்குப் புரிந்தது. பிறகு தோளிலிருந்து இடுப்பு வரை ஒரே நீளமாக, மூச்சு விடாமல் சொல்லும் கதை மாதிரி இறங்கின. திரை அசைந்தபோது சுவரில் வெளிச்சம் தண்ணீர் மாதிரி அலைந்தது. அடுப்பை அணைத்தேனா என்று ஒரு நினைப்பு வந்து, வந்த வழியே போய்விட்டது. என் அடுப்படி மெல்லத் தரையை விட்டு எழும்பிற்று. மூடிகளும் தட்டுகளும் சத்தமில்லாமல் என்னைச் சுற்றி மிதந்தன. அவற்றில் ஒன்றுகூடக் கழுவ வேண்டியதாக இல்லை. அதுதான் எனக்கு அதிசயம். யாரோ எனக்கு மிகவும் வேண்டிய ஒரு விஷயத்தைச் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். காதில் விழவில்லை. விழ வேண்டும் என்றும் தோன்றவில்லை.

கண் விழித்தபோது சாயங்காலம். தலையணையெல்லாம் எச்சில். "காபி?" என்று கேட்டார் என் வீட்டுக்காரர்.

"எது?" என்றேன்.

அவர் பயந்துபோய்த் தானே போட்டுக் குடித்தார். கண்ணாடியில் பார்த்தால் என் கன்னத்தில் தலையணை மடிப்பு. பின்னால் இவள் நின்று அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வந்துடுச்சு அண்ணி! அந்த மூஞ்சி வந்துடுச்சு!"

"என் மூஞ்சியை விடு. என்னடி சொல்லிட்டிருந்த உள்ளுக்குள்ள?"

"நம்ம மாடிக் குழாய் ஒழுகுதே, அதைப் பத்தி."

மாதக் கடைசியில் மேனேஜர் வந்து படுத்தார். இவள் உள்ளுக்குள் குழாயில் ஆரம்பித்து, பிளம்பர் வராத கதை, நான் பிளம்பரைக் கிழித்த கதை என்று போயிருக்கிறாள். மல்லாந்து படுத்தபோது மேனேஜர் கண்ணை மூடியிருந்த துணியைக் கொஞ்சம் தூக்கிப் பார்த்தார். இவள் உதடு அசைந்துகொண்டிருந்தது, சத்தம் இல்லை. எதையோ கேட்க நினைத்து, கேட்காமலே தூங்கிவிட்டார். எழுப்பியபோது எழுந்து உட்கார்ந்து, காலில் செருப்பை இடம் வலம் மாற்றிப் போட்டுக்கொண்டார்.

"எனக்காகப் பிரார்த்தனை பண்ணியாம்மா?"

சோதனை முடிந்ததா இல்லையா என்று இவளுக்குத் தெரியவில்லை. ஒரு வார்த்தை வந்தாலும் போச்சே! தலையை மட்டும் ஆட்டிவைத்தாள்.

வேலை நிரந்தரமாயிற்று. அதோடு, பிரார்த்தனை பண்ணிக்கொண்டே மசாஜ் செய்கிற பெண் என்று பேரும் பரவிவிட்டது. அவளைத்தான் வேண்டும் என்று கேட்டு வருகிறார்களாம்.

"பொய்யாயிடுச்சே அண்ணி. நான் குழாயைப் பத்தில்ல பேசினேன்?"

"கடைசியில எல்லாரும் நல்லா இருக்கணும்னு ஒரு வரி சேத்துக்கோ. பிரார்த்தனை ஆயிடும். போய்ப் படு."

போன வாரம் அந்த மச்சக்கார அம்மாள் மறுபடி வந்தாராம். யார் கை என்று தெரியாமல்தான் வந்து படுத்திருக்கிறார். குப்புறப் படுத்திருப்பவருக்குத் தரை மட்டும்தானே தெரியும்! இவளுக்கு மச்சத்தைப் பார்த்ததும் ஆளைத் தெரிந்துவிட்டது. இன்னும் கொஞ்சம் எண்ணெயை உள்ளங்கையில் ஊற்றிச் சூடாக்கிக்கொண்டாளாம். பிறகு, விட்ட இடத்திலிருந்து ஆரம்பித்தாளாம். பெரியம்மா ஆஸ்பத்திரிக்குப் போனது, கல் எடுத்தது, வீட்டுக்கு வந்து முதல் வேலையாக எல்லோரையும் திட்டியது வரைக்கும், ஒன்று விடாமல், உள்ளுக்குள்ளேயே. அந்த அம்மாள் ஆஸ்பத்திரி வாசலிலேயே தூங்கிவிட்டார்.

வெளியே வந்தவர் லிஃப்டுக்குப் போகாமல் நேரே பாத்திரக் கடைக்குள் நுழைந்து, குக்கர்களுக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தார். இவள்தான் முழங்கையைப் பிடித்து மெல்ல லிஃப்ட் வரை நடத்திக்கொண்டு போனாள். உள்ளே ஏறியதும் அவர் திரும்பி, கன்னத்தில் மடிப்போடு, பாதித் தூக்கத்தில் இவளைப் பார்த்திருக்கிறார்.

"உங்க பெரியம்மா இப்ப எப்படி இருக்காங்க?"

"நல்லா இருக்காங்க."

இதை எங்களிடம் சொல்லும்போது அவள் அண்ணன்கூடப் பேப்பரைக் கீழே வைத்துவிட்டார்.

"அவ்வளவுதானா? அதோட நிறுத்திட்டியா? நீயா?" என்றேன்.

"லிஃப்ட் மூடிடுச்சே அண்ணி!"