வெங்கிடேஸ்வரனின் பக்தியும் மூச்சும்

மட்டாஞ்சேரியில் வெங்கிடேஸ்வரனைப் போல ஒரு பக்திமான் கிடையாது என்று எழுபத்தெட்டாம் வருஷம் எங்கள் சமூகமே சொல்லிற்று. சமூகம் சொல்வதில் பாதியைத் தள்ளுவது என் வழக்கம். இதில் முழுவதையும் தள்ளலாம்.

மிளகுக் கிடங்கில் குமாஸ்தா. சில வருஷம் முன்பு அவருக்கு க்ஷயரோகம் வந்தது. வீட்டார் மஞ்சள்காமாலை என்று சொல்லிப் பாலக்காட்டுக்கு அனுப்பி மறைத்தார்கள். ஒன்றரை வருஷ ஊசியிலும் மாத்திரையிலும் கிருமி ஒழிந்தது. எறணாகுளத்து டாக்டர் எக்ஸ்ரேயைத் தூக்கிப் பிடித்து, "நோய் போய்விட்டது, ஆனால் அது தின்ற இடம் தழும்பாகச் சுருங்கியிருக்கிறது, திரும்ப வளராது, மூச்சு இனி இவ்வளவுதான்" என்றார். நோய் போய்விட்டது என்பதோடு வெங்கிடேஸ்வரன் காதை மூடிக்கொண்டார்.

கோயில் பிரகாரத்தில் பாதி நடப்பதற்குள் மூச்சு இளைத்தது. இளைப்பது தெரிந்தால் காரணம் கேட்பார்கள். பெண் ஜெயலக்ஷ்மிக்கு வரன் பார்க்கும் சமயம். ஆகவே ஒவ்வொரு சந்நிதியிலும் நின்று, கண்ணை மூடி, கைகூப்பி மூச்சு வாங்கினார். மார்பு ஏறி இறங்குவதைக் கண்ட மாமிகள், "எப்படி உருகறார் பார்த்தேளா" என்றார்கள். தெருவில் விளக்குக் கம்பத்துக்கும் ஒரு கும்பிடு விழுந்தது. யாரும் சந்தேகப்படவில்லை, எல்லோரும் படித்தவர்கள்.

பிள்ளையின் தகப்பனார் ராமபத்ரன் வந்தார். வெங்கிடேஸ்வரனோடு கோயிலுக்குப் போய்த் திரும்பியதும், தரகர் அப்புவிடம் எல்லார் காதிலும் விழும்படியே சொன்னார்:

"ஓய் அப்பு, மனுஷர் நாலடிக்கு ஒருதரம் கண்ணை மூடறார். நாளைக்குக் காஷாயம் கட்டிண்டு கிளம்பிட்டா, தீபாவளிச் சீரை யார்கிட்டப் போய்க் கேக்கறதாக்கும்?"

ஜெயலக்ஷ்மி காபித் தம்ளரை நீட்டினாள்.

"பயப்படாதேங்கோ மாமா. அப்பாவுக்கு அத்தனை பக்தியொண்ணும் கிடையாது. ஏகாதசியன்னிக்கு ஒளிஞ்சுண்டு வடை திம்பார். க்ஷயம் வந்து பூரணமா சொஸ்தமாயிடுத்து, யாருக்கும் ஒட்டாது. ஆனா நெஞ்சு சுருங்கிப்போச்சு. நின்னாத்தான் மூச்சு கிடைக்கும்."

"சொஸ்தமாயிடுத்தோன்னோ, அப்பறம் என்ன," என்றார் ராமபத்ரன், வெகு பெருந்தன்மையாக. தம்ளரை உதட்டில் படாமல் தூக்கிக் குடித்தார். நாங்கள் எப்போதும் அப்படித்தான் குடிப்போம் என்பதால் அதிலிருந்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை.

அடுத்த வாரம் அப்பு வந்து வாசலிலேயே நின்றார். ஜாதகம் பொருந்தவில்லையாம். செவ்வாய் இடிக்கிறதாம்.

"பத்துக்கு எட்டுப் பொருத்தம்னேளே அப்பு மாமா," என்றாள் ஜெயலக்ஷ்மி. "ஒரு வாரத்துல செவ்வாய் வீடு மாத்திண்டுடுத்தா?"

அப்பு தெருவைப் பார்த்தார். வெங்கிடேஸ்வரனுக்குக் கோபம் பொங்கியது. ராமபத்ரன் மேல் அல்ல, பெண் மேல். "உன்னை யாருடி கேட்டா? சன்யாசின்னே அவர் நினைச்சுண்டிருந்தா நமக்கென்ன, நான் வேணும்னா..." என்று ஆரம்பித்தவருக்கு நடுவிலேயே மூச்சு தீர்ந்துவிட்டது.

ஜெயலக்ஷ்மி நாற்காலியை இழுத்துப் போட்டாள். "ஒக்காந்துண்டு மிச்சத்தைத் திட்டுங்கோ அப்பா. எனக்கு அவசரமில்லை."