ஒரு நாளை மட்டும் விலக்கிக் கேட்ட செபம்

என் தம்பி சேவியருக்கு இதயத்திலிருந்து கிளம்பும் பெருந்தமனி, அதன் வளைவில் வீங்கியிருந்தது. வெடித்தால் உயிர் தங்காது என்றார்கள். தவக்காலத்தின் மூன்றாம் செவ்வாய், காலை 6.10-க்கு அவன் மனைவி மல்லிகா இதைத் தொலைபேசியில் சொன்னாள். ஆறு வருடங்களில் அவள் என்னிடம் பேசியது அதுவே முதல் முறை.

காரணம் நான்தான். மல்லிகா வெண்ணந்தூர் பெண், இந்துக் குடும்பம். எங்கள் அம்மாவின் அடக்கத் திருப்பலிக்கு வந்தவளைக் கோயில் வாசலிலேயே நிற்கச் சொன்னேன். ஒன்றே கால் மணி நேரம் வெயிலில் நின்றாள். தம்பி அன்றோடு என்னை விட்டு விலகினான். அன்றைய நாட்குறிப்பில், "எல்லாம் முறைப்படி நடந்தது" என்று எழுதியிருக்கிறேன்.

சேலம் மருத்துவமனைக்குப் போனதும், என்னை ஏன் அழைத்தாய் என்று மல்லிகாவிடம் கேட்டேன்.

"அவரு வேண்டாம்னுதானுங்க சொன்னாரு, அண்ணி. எனக்குத்தான் மனசு கேக்கலைங்க. உங்க சாமிகிட்ட நீங்க கேளுங்க."

மருத்துவர் பொறுமையாக விளக்கினார். வீங்கிய இடத்தை வெட்டிச் செயற்கைக் குழாய் பொருத்தும்வரை உடலின் ரத்த ஓட்டத்தை நிறுத்த வேண்டும். அதற்காக உடலைக் குளிர்விப்பார்கள். மூளைக்கு மட்டும் தோள் பக்கத்து ரத்தக்குழாய் வழியாக ரத்தம் போய்க்கொண்டிருக்கும். தண்டுவடம் கெடாதிருக்க முதுகில் மெல்லிய குழாய் வைப்பார்கள். இத்தனை செய்தும் சிலருக்கு நினைவு குழம்பலாம், கால்கள் வராமல் போகலாம் என்றார்.

வியாழன் காலை 8.20-க்கு உள்ளே கொண்டுபோனார்கள். செபமாலையை முடித்துவிட்டு, வழக்கம்போல் நாட்குறிப்பில் என் மன்றாட்டை எழுதினேன்: "ஆண்டவரே, அவன் கால்களைக் காத்தருளும். நினைவைக் காத்தருளும். ஏதாவது மறந்துதான் ஆக வேண்டும் என்றால், அம்மாவை அடக்கம் செய்த அந்த நாள் மட்டும் மறக்கட்டும்." தம்பி சாவோடு போராடிக் கிடந்தபோதும் என் பெயரைத்தான் காத்துக்கொண்டேன்.

ரத்த ஓட்டம் முப்பத்து நான்கு நிமிடம் நின்றிருந்தது என்று மாலையில் சொன்னார்கள்.

சனிக்கிழமை கண் விழித்தான். மருத்துவர் சொன்னதும் இரண்டு பாதங்களையும் அசைத்தான். நான் அழுதுவிட்டேன். அவர் என்னைக் காட்டி, இது யார் தெரிகிறதா என்று கேட்டார். தம்பி என்னைப் பார்த்தான்.

"எங்கக்காங்க. எங்கம்மா அடக்கத்தன்னிக்கு எம் பொண்டாட்டிய வெளியவே நிறுத்துனவங்க."

நினைவு தெளிவாக இருக்கிறது என்று மருத்துவர் குறித்துக்கொண்டார்.

அங்கேயே மல்லிகாவிடம் மன்னிப்புக் கேட்டேன். அவள் அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "இதுக்கு ஆறு வருசம் வேணுமாங்க, அண்ணி?" தம்பி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

இப்போதெல்லாம் அடக்கத் திருப்பலிக்கு வந்து வெளியே தயங்குபவர்களைக் கைப்பிடித்து உள்ளே அழைத்து, என் அருகில் அமர்த்துகிறேன். இதனால் அந்த நாள் மாறிவிடாது. தெரியும்.

இதைக் கேட்கும் நம் அன்பியச் செபக்குழு உறவுகளே, உங்கள் ஆபத்தில் ஆண்டவரிடம் துணிந்து கேளுங்கள், அவர் தருவார். ஆனால் உங்களுக்கு வசதியாக ஒன்றை ஒதுக்கி வைத்துக் கேட்காதீர்கள். என் தம்பியை அவர் குறையில்லாமல் திருப்பித் தந்தார். அவன் கோபத்தையும் சேர்த்தே தந்தார்.

ஞாயிறுதோறும் சங்ககிரியில் தம்பி வீட்டுக்குப் போகிறேன். மல்லிகா தேநீர் தருகிறாள். போன வாரம் நான் உள்ளே நுழைந்ததும் தம்பி எழுந்தான். யார் துணையுமின்றி, தடுமாறாமல், பின்கட்டு வழியாக வெளியே நடந்து போனான். அவன் கண்ணுக்கு மறையும்வரை அந்தக் கால்களைப் பார்த்து ஆண்டவருக்கு நன்றி சொன்னேன்.