சிமெண்டு போடாத முன்வாசல்

தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் லயத்து வீட்டில் பிறந்து, இன்னொரு லயத்துக்கே மருமகளாகப் போன சசிரேகாவுக்கு நாற்பது வயதைத் தாண்டித்தான் ரிங்லெட்டில் சொந்த வீடு அமைந்தது. லயத்தில் அவள் வைத்த கொய்யா, காய்க்கத் தொடங்கிய வருஷமே பாதையை அகலப்படுத்த வெட்டப்பட்டது. நிலம் தோட்டத்துடையது; யாரைப் போய்க் கேட்பது?

அதனால், கார் நிறுத்தப் புது வீட்டின் முன்வாசலில் சிமெண்டு போடலாம் என்று கணவன் தனேஸ் சொன்னபோது அவள் சம்மதிக்கவில்லை. திரிங்காப்பிலிருந்து காய்கறி லோரி ஓட்டுகிறவன் அவன். நாள் முழுக்கக் காய்கறித் தோட்டச் சேற்றில் நின்று மூட்டை ஏற்றிவிட்டு வீட்டிலும் சேற்றை மிதிக்க வேண்டுமா என்றான். காரை ரோட்டோரம் விடலாம், மரத்தை ரோட்டிலா வைப்பது என்று அவள் கேட்டாள்.

இரண்டு அவகாடோக் கன்றுகளும் ஓர் எலுமிச்சையும் வாங்கி வந்து நட்டாள். மழை பிடித்துக்கொண்டது. அவகாடோ இலைகள் மஞ்சளாகித் தொங்கின. உரம் வைத்தும் தேறவில்லை. இரண்டும் பட்டுப்போயின; எலுமிச்சை மட்டும் தப்பி நின்றது.

தனேஸ் கேலி செய்யவில்லை. "இது வீடு கட்டறப்ப கொட்டுன மண்ணு, சசி. இதுல ஒண்ணும் வராது. சிமெண்டு போட்டுடலாம்லா."

"மண்ணு சரியில்லன்னா மண்ண மாத்துறேன். இடத்த விட மாட்டேன்," என்றாள்.

பட்ட கன்றைப் பிடுங்கினாள். வேர் கறுத்து அழுகியிருந்தது. குழியில் தண்ணீர் நின்றது. கடப்பாரையால் குத்தினால் உடைந்த செங்கல்லும் இறுகிய களிமண்ணும் வந்தன. பகலெல்லாம் தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து வெட்டும் மெஷினைத் தூக்கிய தோள்வலியோடு, தினமும் சாயங்காலம் கல்லைப் பொறுக்கிச் சாக்கில் கட்டினாள். தண்ணீர் வடிய ரோட்டுக் கால்வாய் வரைக்கும் வாய்க்கால் வெட்டினாள்.

ஒரு நாள் வாசலில் லோரி நின்றது. கோலா தெர்லாவில் ஒரு காய்கறித் தோட்டத்தில் கேட்டு வாங்கிய மண்ணை மூட்டை மூட்டையாக இறக்கினான் தனேஸ். எங்கே கொட்டுவது என்று அவள் கையைக் காட்டினாள்.

மண்ணை மேடாகக் குவித்து, புதுக் கன்றுகளை மேட்டின் மேல் நட்டாள். அந்த வருஷக் கடைசியில் பெய்த மழை வாய்க்கால் வழியாக ஓடி வடிந்தது. ஒரு கன்று காற்றில் முறிந்தது. அந்த இடத்திலேயே வேறொன்று வைத்தாள்.

இப்போது எலுமிச்சை காய்க்கிறது. அவகாடோ ஒன்று இந்த வருஷம்தான் பூத்திருக்கிறது. போன வாரம் பின்பக்கத்துக்கு ஒரு கமலா ஆரஞ்சுக் கன்று வாங்கினாள். குழியில் ஒரு வாளி தண்ணீரை ஊற்றி, அது வடிந்ததைப் பார்த்த பிறகுதான் கன்றைப் பையிலிருந்து எடுத்தாள்.