அப்பாவின் லாரிக்கு ஒரு கிராபிக்ஸ் கார்டு

கம்ப்யூட்டரில் படத்தை ஓட்டுகிற கிராபிக்ஸ் கார்டை மாற்றுவதா வேண்டாமா என்று முடிவெடுக்க எனக்கு ஐந்து மாதம் ஆனது. என் கல்யாணத்துக்குக்கூட இவ்வளவு நாள் ஆகவில்லை. பெண் பார்த்துவிட்டு வந்த அன்று சாயங்காலமே சரி என்று சொல்லிவிட்டேன். என் மனைவி அதை அந்த ஐந்து மாதமும் சொல்லிக் காட்டிக்கொண்டே இருந்தாள்.

புதுச்சத்திரத்தில் நெடுஞ்சாலையை ஒட்டி எங்கள் வீடு. நாமக்கல்லில் ஒரு லாரி புக்கிங் ஆபீஸில் எனக்கு வேலை. நாற்பதைத் தாண்டியவன் கேம் விளையாடவென்றே தனியாக ஒரு கம்ப்யூட்டர் வைத்திருக்கிறான் என்றால், எங்கள் சொந்தக்காரர்கள் அதைக் குடிப்பழக்கத்துக்கு அடுத்த இடத்தில் வைத்துப் பேசுவார்கள். அதனால் கேட்டவர்களிடமெல்லாம் ஆபீஸ் வேலைக்கு என்று சொல்லி வைத்திருந்தேன். உள்ளே சிவப்பும் ஊதாவுமாக விளக்கு எரிகிற பெட்டியில் அப்படி என்ன ஆபீஸ் வேலை என்று யாரும் கேட்கவில்லை. மரியாதை தெரிந்தவர்கள்.

அந்தக் கம்ப்யூட்டரை அப்பா பிடித்துக்கொண்டது நானாகத் தேடிக்கொண்ட வினை. அவர் முப்பது வருடத்துக்கு மேல் லாரி ஓட்டியவர். ஒரு கண்ணில் புரை ஆபரேஷன் ஆயிற்று. இன்னொரு கண்ணில் சர்க்கரை தன் வேலையைக் காட்டிவிட்டது. ஹெவி லைசென்ஸைப் புதுப்பிக்கப் போனபோது கண் டாக்டர் கையெழுத்துப் போட மறுத்துவிட்டார். அதற்குப் பிறகு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, ரோட்டில் போகிற ஒவ்வொரு டிரைவரையும் திட்டுவதே அவருக்கு உத்தியோகம் ஆனது. காது கொடுத்துக் கேட்க முடியவில்லை. லாரி ஓட்டும் கேம் ஒன்றைப் போட்டு, மேஜையில் ஸ்டியரிங்கை மாட்டி, காலடியில் பெடலை வைத்து, அவரைப் பிடித்து உட்கார வைத்தேன்.

முதல் நாள் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். ஸ்டியரிங்கைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகு பனி பெய்கிற ஏதோ ஒரு தேசத்தில் தக்காளி லோடு ஏற்றிக்கொண்டு கிளம்பினார். கிளம்பிய வேகத்தில் எதிரே வந்த காரில் மோதினார்.

"அப்பா, அங்கெல்லாம் வலது பக்கம் போகணுங்க."

"அந்த ஊரே ராங் சைடுல போகுதுடா. நானென்ன பண்ணட்டும்?"

பத்து நாளில் பழகிவிட்டார். சிக்னலைத் தாண்டினால் அபராதம் தானாகவே கழிந்துவிடும் என்று தெரிந்தபோது மட்டும் கொஞ்ச நேரம் வண்டியை நிறுத்திவிட்டு யோசித்தார். "கையை நீட்டாமயே எடுத்துக்கறானே, கெட்டிக்காரன்" என்றார். தினமும் மதியம் மூன்று மணிக்கு வண்டியை எடுப்பார். வழியில் வருகிற ஊர்ப் பலகைகளை எழுத்துக் கூட்டிச் சத்தமாக வாசிப்பார். ஐந்து மணிக்கு டீக்காக ஓரம் கட்டுவார். நிஜமாகவே எழுந்து, ரோட்டைக் கடந்து, எதிர்ப்பக்க டீக்கடைக்குப் போய்விட்டு வருவார். நான் ஞாயிற்றுக்கிழமைகூட என் கம்ப்யூட்டரைத் தொட முடியாமல் போனது. ஆனாலும் வாசலில் திட்டுச் சத்தம் நின்றுவிட்டதே, அதுவே பெரிது என்று விட்டுவிட்டேன்.

இப்படி ஓடிக்கொண்டிருந்த வண்டிக்கு ஆயுத பூஜை வந்தது. நாமக்கல் பக்கம் சக்கரம் உள்ளது, சக்கரம் இல்லாதது என்ற பேதமே கிடையாது. மிக்ஸி முதல் லாரி வரை எல்லாவற்றையும் கழுவித் துடைத்துப் பொட்டு வைக்கிற திருநாள் அது. அப்பாவுக்கு இப்போது ஓட்டுவதற்கு இருக்கிற வண்டி இந்தப் பெட்டி ஒன்றுதான். அதற்குப் பூஜை போடாமல் விட முடியுமா? எல்லா வயரையும் கழற்றினேன். பெட்டியை ஈரத்துணியால் துடைத்தேன். பக்தி கொஞ்சம் அதிகமாகி, முன்னால் மூன்று, பின்னால் ஐந்து என்று கெட்டிச் சந்தனத்தை அப்பிக் குங்குமம் வைத்தேன். ஸ்டியரிங்குக்கு மாலை. பெடலுக்கு அடியில் எலுமிச்சம்பழம். அப்பா தன் காலாலேயே அதை மிதித்து நசுக்கினார். மறுநாள் நானே எல்லா வயரையும் திரும்ப மாட்டினேன். ஒரே ஒரு வயர் மட்டும் உள்ளே போகாமல் அடம் பிடித்தது. பக்கத்தில் அதேபோல இன்னொரு ஓட்டை இருந்தது. அதில் சொருகினேன், படம் வந்தது, வேலை முடிந்தது.

அன்று மதியத்திலிருந்து கேமில் ரோடு திக்கித் திக்கி ஓடியது. லாரி நாலடி நகரும், நிற்கும், மறுபடி நாலடி தாவும். நான் பெரிய மேதாவி அல்லவா, ஒரு பார்வையிலேயே கண்டுபிடித்துவிட்டேன். கிராபிக்ஸ் கார்டு பழசாகிவிட்டது, புதுசு வாங்க வேண்டும். அதுவரை சமாளிப்பதற்காக, படத்தின் தெளிவைக் குறைத்து வைத்தேன். திக்கல் கொஞ்சம் குறைந்தது. மரமெல்லாம் பச்சைக் கரைசலாகத் தெரிந்தது. தெளிவைக் குறைத்ததை அப்பாவிடம் சொல்லவில்லை. சொன்னால் பத்து கேள்வி கேட்பார் என்ற சோம்பல்தான், வேறு காரணமில்லை.

அதற்குப் பிறகு ஆராய்ச்சியில் இறங்கினேன். இந்த கார்டு உலகத்தில் இரண்டு கம்பெனிகள் உண்டு. ஒன்றைப் பச்சைக் கட்சி என்றும் மற்றதைச் சிவப்புக் கட்சி என்றும் வைத்துக்கொள்ளுங்கள். யூடியூபில் இரண்டு கட்சிக்கும் பேச்சாளர்கள் இருக்கிறார்கள். சிவப்புக்காரர் பேசுவதைக் கேட்டால் பச்சை வாங்குகிறவன் முட்டாள். பச்சைக்காரர் பேசுவதைக் கேட்டால் சிவப்பு வாங்கினவன் ஏமாளி. இரண்டு பேரையும் கேட்டுவிட்டு நான் முட்டாளாகவும் ஏமாளியாகவும் படுக்கப் போனேன். தீபாவளி கழித்து விலை இறங்கும் என்றார்கள், காத்திருந்தேன். இறங்கவில்லை. பொங்கலுக்குப் புது மாடல் வரும் என்றார்கள். வந்தது. இதை வாங்காதீர்கள், அடுத்ததற்குக் காத்திருங்கள் என்றார்கள். நடுவில் ஒருவர், பெரிய கார்டு போட்டால் கரண்ட் கொடுக்கிற பவர் சப்ளையையும் மாற்ற வேண்டும் என்றார். இன்னொருவர் கார்டு நீளம், பெட்டியே பத்தாது என்றார். கூட்டிப் பார்த்தால் பழைய கம்ப்யூட்டரில் மிச்சமாக நிற்பது ஸ்டியரிங் மட்டும்தான்.

எங்கள் ஆபீஸில் எந்த விலையையும் டயரில்தான் சொல்வார்கள். கார்டு மட்டுமே இரண்டு லாரி டயர் விலை. இதை மனைவியிடம் சொன்னபோது, "டயராச்சும் உருளுமுங்க" என்றாள்.

இதற்கிடையில் அப்பா வண்டி ஓட்டுவதை நிறுத்திவிட்டார். முதலில் இடுப்பு வலி என்றார். சரி, வயசாகிறது என்று நினைத்தேன். பிறகு தன் மொபெட் சாவியைக் கொண்டுவந்து என் சட்டைப் பையில் போட்டு, "நீயே வெச்சுக்க சாமி, எனக்கெதுக்கு" என்றார். ஆபீஸ் போக எனக்கு உதவட்டும் என்று கொடுக்கிறார் என நினைத்துச் சந்தோஷப்பட்டேன். எதிர்ப்பக்கம் டீக்கடைக்குப் போவதும் நின்றது. வீட்டிலேயே டீ குடித்தார். என் காதில் ஹெட்போன். அதில் பச்சைக்காரரும் சிவப்புக்காரரும்.

மாசி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, என் இழுத்தடிப்பைத் தாங்க மாட்டாமல் மனைவி என்னைக் கோயிலுக்கு இழுத்துக்கொண்டு போனாள். எங்கள் பக்கத்தில் எதற்கும் முடிவு தெரியவில்லை என்றால் அம்மனிடம் பூக் கேட்பது வழக்கம். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம் கட்டி அம்மன் காலடியில் போட்டு, ஒரு குழந்தையை விட்டு எடுக்கச் சொல்வார்கள். பூசாரி பொட்டலம் கட்டியபடியே கேட்டார்.

"கல்யாணமுங்களா, போர் போடறதுங்களா?"

"கம்ப்யூட்டர் சாமானுங்க."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். ஆனால் மறுக்கவில்லை. சிவப்புக் கட்சிக்கு அரளி இருந்தது. பச்சைப் பூவுக்கு எங்கே போவது? வெள்ளையைப் பச்சையென்று வைத்துக்கொள்ளும்படி அம்மனிடம் வேண்டிக்கொண்டேன். ஒரு சின்னப் பெண் பொட்டலத்தை எடுத்தாள். வெள்ளை. நாளைக்கே சேலம் போய்ப் பச்சை வாங்கிவிடுவது என்று பூரித்துப்போய்த் திரும்பினேன்.

பஸ்ஸில் மனைவி கேட்டாள். "எதை வாங்கறதுன்னு கேட்டீங்க. வாங்கணுமா வேண்டாமான்னு கேட்டீங்களா?"

நான் ஹெட்போனை எடுத்துக் காதில் மாட்டப் போனேன்.

"மாமாகிட்டயாச்சும் ஒரு வார்த்தை கேட்டீங்களா? பேப்பரை மடியில வெச்சுட்டு அப்படியே உக்காந்திருக்கறாரு. ஒரு பக்கம் திருப்பறதில்லை. நேத்து கேட்டேன். 'கண்ணு மொத்தமாப் போயிருச்சு சாமி, ரோட்டுல பலகையே தெரியறதில்ல, மரமெல்லாம் கலங்கலாத் தெரியுது'ன்னாரு. எந்த ரோடுங்க மாமான்னேன். கம்ப்யூட்டர் பக்கம் கையைக் காட்டினாரு."

தெளிவைக் குறைத்தவன் நான். அது தெரியாமல் மனிதர் தன் கண் அவிந்துவிட்டது என்று மொபெட்டைக் கொடுத்து, டீக்கடையை விட்டு, பேப்பரை மூடி, ஒவ்வொன்றாகக் கை கழுவிக்கொண்டிருந்திருக்கிறார். நான் இரண்டு கட்சியின் பேச்சையும் கேட்டேன், வீட்டில் இருக்கிறவரைக் கேட்கவில்லை. அவ்வளவு வெட்கமாக இருந்தது.

மறுநாள் காலையில் பெட்டியை ஒரு பழைய போர்வையில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு சேலம் பஸ் ஏறினேன். சூரமங்கலத்தில் ஒரு பாய் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிறார். நிதானமான மனிதர். பச்சைக் கார்டு வேண்டும், என்ன விலையானாலும் சரி, இன்றைக்கே மாட்டித் தாருங்கள் என்றேன். அவர் பெட்டியைத் திருப்பிப் பின்பக்கம் டார்ச் அடித்துப் பார்த்தார்.

"மானிட்டர் வயரை எதுலங்க சொருகியிருந்தீங்க?"

மேலே இருந்த ஓட்டையைக் காட்டினேன்.

"கீழ கார்டுல ஒண்ணு இருக்கே?"

"அதுல போகலீங்க பாய்."

ஒரு ஊசியை எடுத்து அந்தக் கீழ் ஓட்டைக்குள் விட்டுச் சுரண்டினார். மஞ்சளாகத் தூள் உதிர்ந்தது. விரலில் எடுத்து முகர்ந்தார்.

"சந்தனமுங்களா?"

நான் தலையாட்டினேன்.

"வாசமாத்தான் இருக்குது" என்றார். பிரஷ்ஷால் துடைத்து, ஏதோ மருந்து அடித்து, காயவைத்து, வயரைச் சொருகினார். "மேல இருக்கறது கார்டு இல்லாதவங்களுக்குங்க. அதுல சொருகினா கார்டு சும்மாதான் கெடக்கும். அஞ்சு மாசமா அதுக்கு நல்ல ரெஸ்ட்டு. இன்னும் ரெண்டு மூணு வருசம் தாராளமா ஓடும். புதுசெல்லாம் வேண்டாம், எடுத்துட்டுப் போங்க."

விற்றிருந்தால் அவருக்கு இரண்டு டயர் வியாபாரம். அதைச் சொல்லி நன்றி சொன்னேன். "டீ சொல்லுங்க, போதும்" என்றார்.

மூன்று மணிக்கு வீட்டில் எல்லாவற்றையும் மாட்டி, தெளிவை முழுசாக ஏற்றி, அப்பாவைக் கூப்பிட்டேன். வேண்டாம் என்றார். மனைவி கையைப் பிடித்துக் கூட்டிவந்து உட்கார வைத்தாள். லாரி நகர்ந்தது. ரோடு கழுவி விட்டதுபோல் ஓடியது. தூரத்தில் ஒரு நீலப் பலகை வந்தது. அப்பா முன்னால் சாய்ந்து, ஒவ்வொரு எழுத்தாக, வாயில் நுழையாத அந்த ஊர்ப் பெயரை வாசித்தார். அடுத்த பலகையையும் வாசித்தார். அதற்கடுத்ததையும்.

"புதுக் கார்டாடா?"

ஆமாம் என்று சொல்லிவிட்டிருக்கலாம். வாய் வரவில்லை. "இல்லீங்கப்பா. பூஜை அன்னைக்கு வயரை நாந்தான் மாத்திச் சொருகிட்டேன். படத்தையும் நாந்தான் மங்கலாக்கி வெச்சேன். உங்க கண்ணு நல்லாத்தான் இருக்குதுங்க."

வண்டியை ஓரம் கட்டினார். இண்டிகேட்டர் போட்டு, ஒழுங்காக.

"அஞ்சு மாசமாடா?" என்றார்.

அவர் எழுந்து, என் முன்னால் கையை நீட்டினார். மொபெட் சாவியைக் கொடுத்தேன்.

சும்மாவே நின்றிருந்த மொபெட். ஏழெட்டு முறை மிதித்தும் கிளம்பவில்லை. நான் பக்கத்தில் போய், "பேட்டரி மாத்தோணுமாட்ட இருக்குதுங்கப்பா" என்றேன்.

மிதிப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "மாத்தறதப் பத்தி இனிமே நீ வாயத் தொறக்காத." டேங்க் மூடியைத் திறந்து, வண்டியை ஆட்டிப் பார்த்தார். உள்ளே பெட்ரோல் இல்லை.

பங்க் வரை தள்ளிக்கொண்டு போவதாகச் சொன்னார். நானும் வருகிறேன் என்றேன்.

"பொறத்தால வராத. கண்ணு தெரியுது" என்றார்.

வாசலிலேயே நின்றேன். ரோட்டோரமாகத் தள்ளிக்கொண்டு போனவர், தன்னைக் கடந்து போன ஒரு லாரிக்காரனை நின்று நிதானமாகத் திட்டிவிட்டு மேலே நடந்தார்.