கேக்குது சேர்!

கடந்த வாரம் செவ்வாய்க்கிழமை கண்டி டவுனில் ஒரு பாமசிக்குப் போனேன். பிரஷர் மாத்திரை வாங்கத்தான். கவுண்டரில் நின்ற பெண் டாக்டர் எழுதிய துண்டைப் பார்த்துவிட்டு, "ஒரு மாசத்துக்கா சேர்?" என்றாள்.

அந்தக் குரல்! ஆளைப் பார்த்த ஞாபகமே இல்லை. ஆனால், குரலை நன்றாகத் தெரியும்.

"நீங்க... சுகந்தியா?"

"ஆமா சேர்!"

ஊரடங்குக் காலத்தில் பல்கலைக்கழகப் பிள்ளைகளுக்கு ஸூமில் புள்ளிவிபரவியல் நடத்தினேன். எழுபது பேர். எழுபது கறுப்புக் கட்டங்கள் — உள்ளே பெயர் மட்டும். வீட்டிலும் நான் தனி ஆள். நாள் முழுக்க வேறு பேச்சுத்துணை கிடையாது. பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை, "யாராவது இருக்கீங்களா? கேக்குதா?" என்பேன். எல்லோரும் கப்சிப். சுகந்தி மட்டும், "கேக்குது சேர்" என்பாள். இரண்டு வருடம் அந்த ஒரு பதிலை நம்பித்தான் என் வண்டி ஓடியது.

"படிப்பு முடிஞ்சுதா?" என்றேன்.

"இல்ல சேர். ஒங்க பாடந்தான் பெயில். ரெண்டு தடவ."

தூக்கிவாரிப்போட்டது. அவ்வளவு ஒழுங்காக வகுப்புக்கு வந்த பிள்ளையா?

"ஹந்தானைத் தோட்டத்துல எங்க லயத்துல சிக்னல் வரும், போகும். பாதி வெளங்காது சேர். தம்பிக்கும் அதே போன்தான்."

"அப்புறம் ஏன் கேக்குதுன்னு சொன்னீங்க?"

மாத்திரையை உறையில் போட்டுக்கொண்டே சொன்னாள்.

"யாருமே பேசமாட்டாங்க. நீங்க கூப்புட்டுக்கிட்டே இருப்பீங்க... பாவமா இருந்துச்சு சேர். எனக்கும் கேம்பஸ்ல வேற யாரையுந் தெரியாது."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. விடைத்தாளில் பெயர் இல்லாத சுட்டெண்ணை மட்டும் பார்த்து அவளுக்குப் பெயில் போட்ட கை, இந்தக் கைதானே?

"இன்னும் ஒரு தடவ எழுதலாம். அதுவும் போனா டிகிரி இல்ல. பயத்துல விட்டுட்டேன் சேர்."

"ஞாயித்துக்கெழம பத்து மணிக்குக் கேம்பஸுக்கு வாங்க. மொதல்ல இருந்து சொல்லித்தாறேன்."

"பாக்குறேன் சேர்..."

ஞாயிறு போனேன். பன்னிரண்டு மணி வரை இருந்தேன். வகுப்பறையில் கதிரைகள் அத்தனையும் காலி. பஸ் ஏறும்போது மனசு கனத்துத்தான் போயிருந்தது.

இந்த ஞாயிறும் போவேன். அதற்கடுத்த ஞாயிறும்தான். பாதி விளங்காமலே இரண்டு வருடம் அவள் எனக்காக உட்கார்ந்திருக்கவில்லையா?